நாற்பதாவது ஆள்

பிப்ரவரி 6, இரவு ஒன்றேகால்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துவிடு. பகலில் எழுதலாம் என்றுதான் நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன். பகல் என்று ஒன்று இந்த வீட்டில் எனக்குக் கிடைப்பதே இல்லை. பட்டாணி இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பாவை எங்கேயோ பன்னிரண்டாவது மாடியில் லிப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். பழுது பார்க்கப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும்வரை எனக்குத் தூக்கம் வராது. உனக்குத் தெரியாததா?

போனில் பேசியிருக்கலாம்தான். போன மாதம் பேசினோமே, என்ன ஆயிற்று? "பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைக்காதடி" என்று நீ ஆரம்பித்தாய், நான் வைத்துவிட்டேன். கடிதத்தில் ஒரு சௌகரியம், நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணியைச் சேர்த்திருக்கிற மழலையர் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையின் சுபாவத்தைப் பற்றி நாற்பத்தெட்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை. மார்ச் எட்டுக்குள் கொடுக்க வேண்டும். அதை வைத்துப் பிள்ளைகளை இரண்டு அறையாகப் பிரிப்பார்களாம். ஒன்று முன்பக்கம் பெரிய அறை, இருபத்தைந்து பிள்ளைகள், ஒரே கூச்சல். இன்னொன்று பின்பக்கம். அதற்கு ‘அமைதி அறை’ என்று பெயர். ஆறே ஆறு பிள்ளைகள். ஜன்னலில் பாதிவரை திரை. கூச்சமுள்ள பிள்ளைகள், பயந்த பிள்ளைகள் அங்கே. ஒரு தடவை போட்டால் ஒன்றாம் வகுப்பு போகும்வரை அதே அறைதான்.

டீச்சர் நல்ல மாதிரி. "பயப்படாதீங்கம்மா, தண்டனை ஒண்ணும் இல்ல. சில பிள்ளைங்களுக்கு அதுதான் வசதி" என்றார். ஆனால் வாசலில் நிற்கிற மற்ற அம்மாக்கள் "அந்த ரூமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

படிவத்தைப் பென்சிலால் நிரப்பி முடித்துவிட்டேன். பாதிக்கு மேல் ‘எப்போதும்’. புது ஆளைக் கண்டால் ஒளிகிறாளா, எப்போதும். திடீர்ச் சத்தத்துக்கு அழுகிறாளா, எப்போதும். ஏறி இறங்கும் இடங்களில் பெரியவர் கையைப் பிடித்துக்கொள்கிறாளா? அதை ஏன் கேட்கிறாய். லிப்ட் வந்து நின்றதும் என் விரல்களை அவள் பிடிக்கிற பிடியில் மோதிரம் உள்ளே அழுந்தும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பயம்.

மூக்கு அவள் அப்பாவுடையது. காது நம் அம்மாவுடையது. என்னிடமிருந்து போனது இந்தப் பயம் ஒன்றுதானோ? இதெல்லாம் ரத்தத்தில் வருமா? நீ படித்ததே இதைத்தானே. படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்து, அவள் எந்த அறை என்று சொல்.

உன்
சுண்டெலி

பி.கு.: அவர் வந்துவிட்டார். லிப்டில் மாட்டியவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரராம். கதவைத் திறந்தால் மனிதர் தரையில் உட்கார்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம். முக்கால் மணி நேரம்! நானாக இருந்தால் பிணத்தைத்தான் எடுத்திருப்பார்கள்.


பிப்ரவரி 11

சுண்டெலிக்கு,

கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது என்று உனக்கு யார் சொன்னது? உன் கடிதத்தைப் படிக்கும்போது நான் பேசிய பேச்சில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய்விட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் வைத்துத்தான் படித்தேன். காலையிலிருந்து வேலைக்கு மனுப் போட்ட முப்பது பேரின் கேள்வித்தாளை எண்ணி, இவர் பொறுமைசாலி, இவர் முன்கோபி என்று எழுதிக் கொடுத்த கையோடு உன் நகலைப் பிரித்தேன்.

முதலில் அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்கு என் வணக்கம். அவரிடம் ஒரு படிவம் நிரப்பி வாங்கி அனுப்பு. சட்டம் போட்டு மாட்டி வைக்கிறேன்.

இப்போது பட்டாணி. அடியே, கேள்வி பதினேழைப் பார். ‘வேறு வீட்டில் இரவு தங்க மறுக்கிறாரா?’ எப்போதும் என்று டிக் அடித்திருக்கிறாய். அவள் பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரி வெளியே தங்கியிருக்கிறாளா? இருபத்திரண்டு, ‘கூட்டத்தில் பேசச் சொன்னால் நடுங்குகிறாரா?’ மூன்று வயதுப் பிள்ளையை எந்தக் கூட்டத்தில் பேச அழைத்தார்கள்? நீ நிரப்பியிருப்பது உன் மகளை இல்லை, உன்னை.

ரத்தத்தில் வருமா என்று கேட்டாய். என் படிப்பில் இதற்கு நாலு கட்சி உண்டு. ஒன்றை ஒன்று பேசவே விடாது, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி. சுபாவம் என்பது உயரம் மாதிரி, பிறக்கும்போதே பாதி வந்துவிடும், அளந்து சொல்லிவிடலாம் என்பது ஒரு கட்சி. எனக்குச் சோறு போடுவது அதுதான். அலுவலகத்தில் புலியாக இருக்கிறவன் பல் டாக்டர் நாற்காலியில் என்னவாக இருக்கிறான் என்று போய்ப் பார், இடத்தைப் பொறுத்துத்தான் மனிதன் என்பது இன்னொன்று. மூன்றாவது, நாம் யார் என்பதை மற்றவர் நம்மைப் பார்க்கிற முகத்திலிருந்துதான் கற்றுக்கொள்கிறோம் என்கிறது. நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற கதைதான் ‘நான்’ என்கிறது நாலாவது. நீ எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதே. திங்கட்கிழமை காலையில் முதல் கட்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலாவது.

நீ ஒன்று செய். டீச்சரிடம் கேட்டு இரண்டு காலை அந்த வகுப்பில் ஒரு மூலையில் உட்கார். கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுது. படிவத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பி.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

அக்கா


பிப்ரவரி 15, இரவு பன்னிரண்டு

அக்கா,

கொஞ்சம் சுருக்கென்றது. நான் என்னைத்தான் நிரப்பியிருக்கிறேன் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். சரி, நான் பயந்தவள்தான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? நீயே பரீட்சை வைத்துச் சொன்னதுதானே.

ஞாபகம் இருக்கிறதா? நீ பட்டமேற்படிப்பு கடைசி வருஷம். ஆய்வுக்கு நாற்பது பேர் வேண்டும், முப்பத்தொன்பதுதான் தேறியிருக்கிறது என்று என்னை உட்கார வைத்துக் கேள்வித்தாளைக் கொடுத்தாய். அன்று ராத்திரி சாப்பிடும்போதே எண்ணி, எல்லாரும் கேட்க வாசித்தாய்: "பயந்த சுபாவம், மிக அதிகம். புதிய இடங்களுக்கு ஒத்துப்போகும் திறன், மிகக் குறைவு." அப்பா தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு, "அதானே பார்த்தேன்" என்றார். அம்மா, "சின்னதுலேயே இருட்டுன்னா என் கையை விடமாட்டா" என்றாள். நீ சிரித்தாய். அன்றைக்கு வைத்த பேர்தான் இந்தச் சுண்டெலி.

அந்த வாரம்தான் எனக்கு மலைப்பக்கம் நில அளவை வேலைக்கு ஆணை வந்திருந்தது. எங்கள் வகுப்பில் இரண்டே பேருக்குத்தான் கிடைத்தது. கூடாரத்தில் தங்க வேண்டும், மாதக்கணக்கில். பத்து நாளைக்குள் பதில் போடச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாவது நாள், முடியாது என்று எழுதினேன். போகாதே என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தாளிலேயே இருந்ததே. அதற்குப் பிறகு வீட்டில் இருந்தபடி பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். வரைபடம் வருகிற பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாகத் திருத்துவேன்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. எனக்கு எது ஒத்துவரும் என்று நேரத்தோடு தெரிந்தது நல்லதுதான் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். என் மகளுக்கும் அப்படித் தெரிந்துவிட்டால் நல்லதா கெட்டதா என்றுதான் புரியவில்லை.

ஒரு வேடிக்கை. நீ என்னிடம் விட்டுப்போன உன் ஆய்வேட்டை இன்று எடுத்துப் பார்த்தேன், பட்டாணியின் கேள்விகளுக்கு ஏதாவது உதவுமா என்று. அதில் ‘இந்த ஆய்வில் முப்பத்தொன்பது பேர் பங்கேற்றனர்’ என்று போட்டிருக்கிறது. முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன், எல்லா இடத்திலும் முப்பத்தொன்பதுதான். பிழை திருத்துகிறவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? நாற்பதாவது ஆள் நான்தானே. என்னை எங்கே தொலைத்தாய்?

சுண்டெலி


பிப்ரவரி 21

சுண்டெலிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். நீ விளையாட்டாகக் கேட்டாய். யாராவது என்றைக்காவது கேட்பார்கள் என்று எட்டு வருஷமாக எனக்குத் தெரியும். அது நீயாக இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்வித்தாளை எண்ணுவதற்கு ஒரு துளை அட்டை உண்டு. விடைத்தாளின் மேல் அதை வைத்தால் ஓட்டைகள் வழியாகச் சில டிக்குகள் மட்டும் தெரியும். தெரிகிறதை எண்ண வேண்டும், அவ்வளவுதான் வித்தை. எது தலை எது கால் என்று தெரிய, மேல் மூலையைக் கத்தரித்து வைப்பார்கள். துறையில் இருந்த அட்டையை யாரோ எடுத்துப் போயிருந்ததால் நானே காலண்டர் அட்டையில் ஒன்று வெட்டிக்கொண்டேன். மூலையைக் கத்தரிக்காமல் பென்சிலால் ஒரு சின்னக் குறி மட்டும் போட்டேன். முப்பத்தொன்பது தாளை நூலகத்தில், நல்ல வெளிச்சத்தில், குறியைப் பார்த்து வைத்து எண்ணினேன். உன்னுடையதைச் சாப்பாட்டு மேசையில், ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே எண்ணினேன்.

அட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து என் பேராசிரியர் எல்லாத் தாளையும் இன்னொரு முறை சரிபார்க்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. நான் அன்று வாசித்தது உன்னைப் பற்றியதே இல்லை. யாரைப் பற்றியதும் இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். நீ கூடத்தில் உட்கார்ந்து, அளவுகோலை வைத்து ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாய். "அந்த மலை வேலைக்கு என்ன எழுதின?" என்று கேட்டேன். "வேண்டாம்னு எழுதிப் பத்து நாளாச்சு. நமக்கெதுக்குக்கா அதெல்லாம்?" என்று தலை நிமிராமல் சொன்னாய். அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். காலம் கடந்துவிட்டது, இனிச் சொன்னால் உனக்கு வேதனைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயம். நம் இரண்டு பேரில் பயந்தாங்கொள்ளி யார் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

திருத்திய எண்ணை ஆய்வேட்டில் போட்டால் நீயோ அப்பாவோ பார்த்துவிடுவீர்கள். அதனால் நாற்பதாவது தாளை எடுத்துவிட்டேன். அந்தத் தாளும் அட்டையும் என்னிடம்தான் இருந்தன. இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை மேல் மூலையைக் கத்தரித்திருக்கிறேன். நீயே வைத்து எண்ணிக்கொள். சரியான எண் எனக்குத் தெரியும், நீ கேட்டால் சொல்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதி அடித்திருப்பது தெரிகிறதா? அந்த வார்த்தையைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியாமல்தான் அடித்தேன்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

தாளும் அட்டையும் வந்தன. அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

நேற்று மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. நான் கீழேயே நின்று அவரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டேன். அவர் டார்ச் எடுத்துக்கொண்டு வரும்வரை அங்கே நின்று யோசித்தேன், இப்படி நிற்கிறது நானா, உன் காலண்டர் அட்டையா என்று.

எட்டு வருஷம் அக்கா. ஒரு வரி எழுத உனக்கு எட்டு வருஷம்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.


மார்ச் 3

தங்கைக்கு,

கொஞ்ச நாள் என்றாய். ஏழு நாள் பொறுத்தேன். என்னால் இவ்வளவுதான் முடிந்தது, திட்டிக்கொள்.

என்னைப் பற்றி எழுத வரவில்லை. படிவம் எட்டாம் தேதி கொடுக்க வேண்டும். என் மேல் இருக்கிற கோபத்தில் பழைய பென்சில் டிக்குகளையே கொடுத்துவிடாதே. போய் உட்கார்ந்து பார். அது என் யோசனை என்பதை மறந்துவிடு, கண்ணாடிக் கடைக்காரர் சொன்னதாக வைத்துக்கொள்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. ‘ரெண்டு தடவை மேடம்’. ஒவ்வொரு தாளையும் நான் இரண்டு தடவை எண்ணாமல் அனுப்ப மாட்டேன். பியூன்கூட, "மேடம், ரெண்டாவது தடவை முடிஞ்சுதா? மேனேஜர் கத்துறார்" என்பார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும்.

சுண்டெலி என்று நான் வைத்த பெயரும் அந்தத் தவறான எண்ணிலிருந்து வந்ததுதான். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இனி என்ன என்று கூப்பிடட்டும்? நீயே சொல்.

அக்கா


மார்ச் 8, இரவு, மணி பார்க்கவில்லை

அக்காவுக்கு,

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. கோபத்தோடேதான் எழுதுகிறேன். ஆனால் இதை வேறு யாரிடம் சொல்ல? அவரிடம் சொன்னேன், "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

ஐந்தாம் தேதியும் ஆறாம் தேதியும், பிரிக்கும்வரை எல்லாப் பிள்ளைகளும் இருக்கிற பெரிய அறையில், பொம்மை அலமாரிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் தாடையில் இடிக்கிற மாதிரி முக்காலி. பட்டாணிக்கு நான் இருப்பது தெரியாது. முதல் நாள் உள்ளே வந்ததும் வாயில் விரலைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன், பதினெட்டு நிமிடம். எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளாமல் இருக்க நான் முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் நினைத்தது சரிதான், பின்பக்க அறைதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போது சிவப்புச் சட்டை போட்ட ஒரு குட்டிப் பெண் வாசலில் நின்று அம்மா அம்மா என்று அலறினாள். டீச்சர் வேறு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டாணி வாயிலிருந்து விரலை எடுத்தாள். சட்டையில் துடைத்தாள். நேராக அந்தப் பெண்ணிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"அழாத. எங்கம்மாகூட பயப்படுவாங்க. லிப்ட் வந்தா ரொம்பப் பயப்படுவாங்க. நான் கையைக் கெட்டியாப் புடிச்சுக்குவேன். அப்ப சரியாயிடுவாங்க. உனக்கும் சரியாயிடும்."

அக்கா, அந்தப் பிடி எனக்காகவாம். மோதிரம் அழுந்துகிற அளவுக்கு அவள் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தைரியம் சொல்ல. ஒன்றரை வருஷமாக நான் அதைத் தலைகீழாக வைத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பொம்மை அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து முந்நூறு பொம்மைக்கு முன்னால் அழுதேன். ஒரு துணிக் கரடியில் மூக்கைத் துடைத்தேன், யாரிடமும் சொல்லாதே.

மறுநாளும் போனேன். முதலில் சுவரோரம் நின்றாள், ஒன்பது நிமிடம். அப்புறம் கட்டை அடுக்குகிற இடத்தில் இரண்டு பேரை அதட்டி வேலை வாங்கினாள். மணி அடித்த சத்தத்துக்கு அழுதாள். பாட்டு நேரத்தில் எல்லாரையும் விட உரக்கக் கத்தினாள். இதில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இன்று படிவத்தைக் கொடுத்துவிட்டேன். ஒரு கட்டத்திலும் டிக் இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில், எப்போது, எங்கே, பக்கத்தில் யார் என்று பார்த்தது பார்த்தபடி எழுதினேன். டீச்சர் தாளைச் சுற்றிச் சுற்றிப் படித்தார்.

"என்னம்மா இது, இப்படி எழுதினா நான் எப்படி எண்ணுறது?"

"எண்ணாதீங்க டீச்சர்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். "பாதி நாள் அந்த ரூம்ல விடுங்க, பாதி நாள் இந்த ரூம்ல. கொஞ்ச நாள் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க."

"அப்படி யாரும் கேட்டதில்லையே" என்றார். படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "சரி, ஒரு மாசம் பார்ப்போம். அந்தச் சிவப்புச் சட்டையும் இவ இல்லாம உட்கார மாட்டேங்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து மேல்தட்டிலிருந்து உன் அட்டையை எடுத்தேன். எண்ணத்தான் எடுத்தேன். விடைத்தாளில் என் பழைய டிக்குகள், ஒவ்வொன்றும் வால் நீண்டு, இருபது வயசுக் கை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் பட்டாணி அட்டையைப் பிடுங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "அம்மா, உன் மூக்கு மட்டும் இருக்கு!" என்றாள். அட்டையைத் திருப்பினாள். "இப்ப மூக்கைக் காணோம். கண்ணு இருக்கு." சாயங்காலம் முழுக்க அதே விளையாட்டு. அவள் அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவருக்கும் நடந்தது. அவருக்கு ஒரு காது மட்டும்தான் கிடைத்தது.

நான் எண்ணவில்லை, அக்கா. எண்ணவும் போவதில்லை. சரியான எண்ணைத் தெரிந்துகொண்டால் இன்னொரு எட்டு வருஷம் அதுவாக இருந்து பார்ப்பேன், எனக்கு என்னைத் தெரியும். நீயும் சொல்லாதே. உளறிவிடக்கூடிய ஆள் நீ, அதனால் இரண்டு தடவை சொல்கிறேன்: சொல்லாதே.

அட்டை நேராக இருந்திருந்தால் மலைக்குப் போயிருப்பேனா? போகாமலும் இருந்திருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, உன்னிடம் எனக்கு இருக்கிற கோபம் அதற்குத்தான். இன்றைக்கு லிப்டில் ஏறும்போது பயமாகத்தான் இருந்தது. பட்டாணியின் கையை நான் முதலில் பிடித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, சபாஷ் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை. எட்டு வருஷமாக அது என்னுடையது, நான் வைத்துக்கொள்கிறேன். அடுத்த விடுமுறைக்கு நீ இங்கே வந்தாக வேண்டும். முகத்தைப் பார்க்கப் பயம் என்று எழுதியிருந்தாயே, வந்து பார். லிப்ட் வாசலில் பட்டாணி நிற்பாள், கையை நீட்டு.

எந்தத் தேதி வருகிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது.

சுண்டெலி